கறிவேப்பிலைக்கு யார் பெயர்?

1

கறிவேப்பிலை தாளிக்காத அடுப்பு தமிழ்நாட்டில் அபூர்வம். அந்தச் செடிக்குத் தாவரவியல் புத்தகங்கள் நெடுங்காலமாகத் தரும் பெயர் முர்ராயா கோனிகியை. முதல் சொல், யோஹான் ஆண்ட்ரியாஸ் முர்ரே என்பவரைக் குறிக்கிறது. ஸ்வீடனில் பிறந்து ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் இவர். இரண்டாவது சொல், 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய மருத்துவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கைக் குறிக்கிறது. இரண்டு பேருமே கார்ல் லின்னேயசின் மாணவர்கள். குழம்பில் மிதக்கிற இலையின் பெயரில் உப்சாலாவின் வகுப்பறை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்த இலையைத் தலைமுறை தலைமுறையாக உருவிப் போட்ட கைகள் எதற்கும் அங்கே இடமில்லை.

இதைச் சொன்னதும் இரண்டு பதில்கள் தயாராக வரும். ஒன்று: ‘பெயர்ங்கிறது ஒரு அடையாளச் சீட்டு, அவ்வளவுதானே. எதை ஒட்டினால் என்ன?’ இது விஞ்ஞானம் படித்தவர்கள் சொல்வது. மற்றொன்று: ‘எல்லாம் வெள்ளைக்காரன் செய்த சதி. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை தொல்காப்பியர் அப்பவே பிரிச்சு வச்சிட்டார்.’ இது நம்முடைய மேடைகளில் சொல்வது. முதல் பதில் பெயரிடுவதில் உள்ள அதிகாரத்தைப் பார்க்க மறுக்கிறது. இரண்டாவது, அதிகாரத்தை அடுத்தவன் கையில் மட்டும் பார்க்கிறது. இரண்டையும் விலக்கிவிட்டு, உயிர்களுக்குப் பெயரிடுவதாகிய இந்தக் காரியம் வரலாற்றில் எப்படி நடந்திருக்கிறது என்று பார்க்கலாம்.

2

பொதுப்பெயர் தேவையில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கரிசலாங்கண்ணி என்று கேட்டால் நாட்டு மருந்துக் கடையில் எது கிடைக்கும்? வெள்ளைப் பூ பூப்பதும் கரிசலாங்கண்ணிதான், மஞ்சள் பூ பூப்பதும் கரிசலாங்கண்ணிதான். தாவரவியலின்படி இரண்டும் வேறு வேறு பேரினங்கள். ஒரே பெயரில் இரண்டு செடிகள், ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர்கள் என்கிற நிலையில் மருந்து கைமாறும்போது அது உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

ஐரோப்பாவிலும் இதே சிக்கல் இருந்தது. அங்கே அறிஞர்கள் கண்ட வழி, செடியின் பெயரையே ஒரு வர்ணனையாக ஆக்கிவிடுவது. ‘இப்படிப்பட்ட இலையும் இப்படிப்பட்ட தண்டும் உள்ள இன்னது’ என்று இலத்தீனில் பத்துப் பன்னிரண்டு சொற்கள்கூட நீளும். புதிய கடல்வழிகள் திறந்து செடிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியபோது இந்த முறை தாங்கவில்லை. 1753-இல் வெளிவந்த தன் தாவர நூலில் லின்னேயஸ் ஒவ்வொரு செடிக்கும் பேரினப் பெயர் ஒன்று, அதோடு ஒரே ஒரு அடைச்சொல் என்று சுருக்கினார். 1758-இல் விலங்குகளுக்கும் அதே முறையைப் பரவலாக்கினார்.

ஆனால் இரட்டைப் பெயர் முறை அவர் மூளையில் மட்டும் உதித்தது என்று நம்ப வேண்டியதில்லை. வேம்பு, மலைவேம்பு. நெல்லி, கீழாநெல்லி. துளசி, நாய்த்துளசி. கறிவேப்பிலை என்பதே கறி என்கிற அடையும் வேம்பு என்கிற தலைச்சொல்லும் சேர்ந்ததுதான். இலத்தீனில் இனம் முன்னே வரும், அடை பின்னே வரும். தமிழில் அடை முன்னே. பல மொழிகளின் பேச்சு வழக்கில் இது கிடக்கிறது. லின்னேயஸ் செய்தது வேறு. இந்தப் பேச்சுப் பழக்கத்தை அவர் சட்டமாக்குவதற்கு வழிசெய்தார்.

சட்டம் என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. இன்றைக்கும் தாவரங்களுக்கு ஒரு சர்வதேச விதித்தொகுப்பு, விலங்குகளுக்கு ஒன்று. இரண்டுக்கும் அடிப்படை முந்துரிமை: முதலில் முறைப்படி அச்சானது எதுவோ அதுவே செல்லும். அந்த ‘முதல்’ எங்கிருந்து தொடங்குகிறது? பெரும்பாலான தாவரங்களுக்கு 1753 மே 1. விலங்குகளுக்கு 1758 ஜனவரி 1. அதற்கு முன்னால் யார் என்ன பெயர் சொல்லியிருந்தாலும் விதியின் கண்ணில் அது பெயரே இல்லை. புதிய தாவர இனத்துக்கு இலத்தீனில்தான் விவரணம் எழுத வேண்டும் என்ற கட்டாயம் 1935 முதல் 2011 முடியும்வரை இருந்தது. 2012 முதல் இலத்தீன் அல்லது ஆங்கிலம். வேறு எந்த மொழியில் எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு செடி பிறந்ததாகப் பதிவு செய்ய முடியாது.

கறிவேப்பிலையையே எடுத்துக்கொள்வோம். 1771-இல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயர் பெர்கெரா கோனிகியை. பிறகு ஸ்ப்ரெங்கல் இதை முர்ராயாவோடு சேர்த்தார். அண்மைக்கால மூலக்கூறு ஆய்வுகளுக்குப் பிறகு தாவரவியலாளர்களில் பலர் மறுபடியும் பெர்கெரா என்கிறார்கள். உறவுமுறை பற்றிய அறிவு மாறும்போது குடும்பப் பெயர் மாறுகிறது, இது நியாயம். ஆனால் கோனிகியை மட்டும் நகரவில்லை, கவனிக்கவும். அது 1771-இல் போட்ட பட்டா. விஞ்ஞானம் தன்னைத் திருத்திக்கொள்ளும் இடமும் திருத்திக்கொள்ளாத இடமும் ஒரே பெயரின் இரண்டு பாதிகளில் அக்கம்பக்கமாக இருக்கின்றன.

3

1753-க்கு முன்னால் இந்தப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? கொச்சியில் டச்சுக் கம்பெனியின் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் மலபார்ச் செடிகளைப் பற்றி ஒரு மாபெரும் நூலைத் தொகுத்தார். ‘ஹோர்துஸ் மலபாரிகுஸ்’ என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 700-க்கும் மேற்பட்ட செடிகள், ஒவ்வொன்றுக்கும் பெரிய செப்புத்தகட்டுப் படங்கள். படங்களில் செடியின் உள்ளூர்ப் பெயர் இலத்தீன் எழுத்தோடு மலையாள எழுத்திலும் அரபி எழுத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிராமணர்கள் சொன்ன கொங்கணிப் பெயரை நாகரியில் தந்திருக்கிறார்கள்.

முதல் தொகுதியில் சாட்சிப் பத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று இட்டி அச்சுதன் என்கிற ஈழவ வைத்தியர் 1675 ஏப்ரலில் எழுதிக் கொடுத்தது. பரம்பரையாகத் தன் வீட்டில் இருந்த ஏடுகளிலிருந்தும் தன் அனுபவத்திலிருந்தும் சொன்னதாக அவர் சொல்கிறார். மற்றொன்று ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்கிற மூன்று கொங்கணி பிராமணர்களுடையது. அச்சுதன் மலையாளத்தில் சொன்னது போர்ச்சுகீசியத்துக்குப் போய், அங்கிருந்து இலத்தீனுக்குப் போனது. ரிச்சர்ட் குரோவ் என்கிற வரலாற்றாசிரியர் 1995-இல் வெளியிட்ட நூலில், இந்தத் தொகுதிகளின் அடித்தளமாக இருப்பது ஈழவர்களின் வகைப்பாட்டு அறிவுதான், இன்னது இன்னதற்கு உறவு என்ற அவர்களுடைய பகுப்பு ரீடின் வழியாக லின்னேயஸ் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது என்று வாதிட்டார். தீண்டத்தகாதவர் என்று தள்ளி வைக்கப்பட்ட சாதியின் அறிவு உப்சாலாவின் மேசைக்குப் போயிருக்கிறது என்றால், இது ஐரோப்பா எதிர் இந்தியா என்கிற எளிய கதையாடல் அல்ல. ஏடு வைத்திருந்த வைத்தியரின் பெயராவது பத்திரத்தில் நின்றது. காட்டுக்குள் போய்ச் செடி பறித்து வந்தவர்கள், மரத்தில் ஏறியவர்கள், பச்சிலை தெரிந்த பெண்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பத்திரத்திலும் இல்லை.

லின்னேயஸ் ரீடின் நூலைத் தாராளமாகப் பயன்படுத்தினார். உலர்ந்த மாதிரி கைவசம் இல்லாத செடிகள் பலவற்றுக்கு அவர் ஆதாரம் காட்டியது ரீடின் படங்களைத்தான். அப்படிப் பல இனங்களுக்கு, இந்தப் பெயர் இந்தச் செடியைத்தான் குறிக்கும் என்று தீர்ப்பளிக்கும் வகைமாதிரி இன்றைக்கும் அந்தப் படமே. அதாவது விதியின்படி சாட்சிக் கூண்டில் நிற்கும் காகிதத்தில் மலையாள எழுத்து இருக்கிறது. பெயரில் இல்லை.

ஏன் இல்லை? 1737-இல் எழுதிய நூலில் லின்னேயஸ் கிரேக்க, இலத்தீன் வேர் இல்லாத பேரினப் பெயர்களைக் காட்டுமிராண்டிப் பெயர்கள் என்று ஒதுக்கினார். அந்த இடத்தில் தாவரவியலாளர்களின் பெயர்களை வைத்தார். மந்தாரையின் இலை இரண்டாகப் பிளந்திருக்கும் இல்லையா, அதற்குப் பௌஹின் என்ற இரட்டைப் புகழ்ச் சகோதரர்களின் பெயரைக் கொடுத்தார். ஆடாதொடை அவரிடம் ஜஸ்டிசியா அடதோடா ஆயிற்று. ஜஸ்டிசியா என்பது ஜேம்ஸ் ஜஸ்டிஸ் என்கிற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரரின் பெயர். பாவட்டை மாதிரி ஒன்றிரண்டு, காதுக்கு இலத்தீன் போல ஒலித்ததாலோ என்னவோ, தப்பித்துப் பேரினப் பெயராகவே உள்ளே போய்விட்டன. மற்றவற்றுக்குத் திண்ணையில் அடைச்சொல்லாக உட்கார அனுமதி. வேறு வழியே இருக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பிரான்சில் மிஷேல் அடான்சன் 1763-இல் உள்ளூர்ப் பெயர்களைத் தாராளமாகப் பேரினப் பெயர்களாக எடுத்துக்கொண்டார். முருங்கை மொரிங்கா ஆனது அப்படித்தான். அது நடக்கக்கூடிய காரியமாகவே இருந்தது, பெரும்பாலும் நடக்கவில்லை என்பதுதான் விஷயம்.

4

பெயர் போனது மட்டும்தான் இழப்பா? மிஷேல் ஃபூக்கோ 1966-இல் வெளியிட்ட ‘சொற்களும் பொருட்களும்’ நூலில் 18-ஆம் நூற்றாண்டு இயற்கை வரலாற்றைப் பற்றிச் சொல்லும் ஒரு விஷயம் இங்கே உதவும். அந்த அறிவு எதையும் அதிகமாகப் பார்த்ததால் பிறக்கவில்லை, பார்ப்பதைச் சுருக்கிக்கொண்டதால் பிறந்தது என்கிறார் அவர். உறுப்புகளின் வடிவம், எண்ணிக்கை, அமைந்திருக்கும் விதம், ஒப்பீட்டளவு என்கிற நான்கும் போதும். இவை கண்ணால் பார்த்து எழுத்தில் ஏற்றக்கூடியவை. ருசி வெளியே, மணம் வெளியே.

லின்னேயசின் 1751-ஆம் ஆண்டு நூல் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. இனங்களை வேறுபடுத்த நிறம், மணம், சுவை, பயன், வளரும் இடம், பூக்கும் காலம் போன்றவற்றை நம்பாதே என்பது விதி. காரணமும் இருக்கிறது. ஒருவர் மூக்கு மற்றவர் மூக்கு இல்லை. எண்ணினால் மகரந்தத்தாள் ஐந்து என்றால் எல்லோருக்கும் ஐந்துதான். வேடிக்கை என்னவென்றால், அதே லின்னேயஸ் மருத்துவராக எழுதும்போது மருந்துகளின் மணங்களை ஏழு வகையாகப் பிரித்து 1752-இல் ஒரு ஆய்வுரை வெளியிட்டார். வைத்தியருக்கு மூக்கு வேண்டும். பெயரிடுபவருக்கு மூக்கு கூடாது.

இப்போது கறிவேப்பிலையை நினைத்துப் பாருங்கள். அதைக் கசக்கி மோந்துதானே நாம் அடையாளம் காண்கிறோம்? வைத்தியரின் அறிவு இந்த ஒதுக்கப்பட்ட பட்டியலில்தான் இருக்கிறது: எந்த மாதத்தில் பறிப்பது, வேரா பட்டையா, எதோடு சேர்த்தால் மருந்து, எதோடு சேர்த்தால் விஷம். இந்த அறிவை ஒருவர் வாயிலிருந்து கேட்டு வாங்கி, வடிகட்டி, எண்ணக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ‘பயன்’ என்ற கடைசிப் பத்திக்குத் தள்ளியாயிற்று. கறிவேப்பிலை மாதிரி உபயோகித்துவிட்டுத் தூக்கிப் போட்டான் என்று தமிழில் சொல்வோம். குழம்புக்கு மணம் அதிலிருந்து வர வேண்டும், இலை மட்டும் தட்டின் ஓரத்துக்குப் போக வேண்டும்.

கோனிக் கெட்ட மனிதர் என்பதல்ல இங்கே வாதம். தரங்கம்பாடி மிஷனின் மருத்துவராக வந்தவர், 1774-இல் ஆற்காட்டு நவாபிடம் சேர்ந்தார், 1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனார், 1785-இல் ஆந்திரப் பகுதியில் இறந்துபோனார். பதினேழு வருஷம் இந்த மண்ணில் நடந்து நடந்து செடி சேர்த்தவர். அதே தரங்கம்பாடிக்கு 1776-இல் வந்த ராட்லர் ஒரு பக்கம் செடிகளை உலர்த்தி ஒட்டினார், மறுபக்கம் தமிழ் - ஆங்கில அகராதி தொகுத்தார். அந்த அகராதி 1834-இல் வெளிவரத் தொடங்கியது. இலையையும் சொல்லையும் ஒரே கைதான் தாளில் அழுத்தி வைத்தது. உழைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உழைத்தவர்களில் யாருடைய பெயர் நிற்கும் என்பதை உழைப்பின் அளவு முடிவு செய்யவில்லை. எந்த அஞ்சல் வழி உப்சாலாவுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே முடிவு செய்தது.

5

பெயரிடும் கை செடியோடு நிற்பதில்லை. 1758-ஆம் ஆண்டுப் பதிப்பில் லின்னேயஸ் மனிதனையும் பட்டியலில் வைத்தார். அது ஒரு துணிச்சல்தான், குரங்குகளோடு ஒரே வரிசையில் வைத்தாரே. ஆனால் உடனே மனிதனை நான்காகப் பிரித்தார். ஐரோப்பியன் வெள்ளை, சட்டத்தால் ஆளப்படுபவன். அமெரிக்கப் பூர்வகுடி சிவப்பு, வழக்கத்தால். ஆசியன் வெளிர்மஞ்சள், அபிப்பிராயத்தால். ஆப்பிரிக்கன் கறுப்பு, மனம்போன போக்கால். செடிக்கு நிறத்தை நம்பாதே என்று சொன்னவர் மனிதனுக்கு நிறத்தை நம்பினார். தன் விதியைத் தானே மீறிய இந்த இடத்தில் வகைப்பாடு விவரிப்பதை விட்டுவிட்டுத் தரவரிசை போடத் தொடங்குகிறது.

சென்னையில் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. 1885 முதல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் முதலில் மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி, சங்கு, கடல் உயிரினங்கள் பற்றி எழுதியவர். பிறகு அளவுகோலை எடுத்துக்கொண்டு மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளக்கப் போனார். 1909-இல் கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளில் அகரவரிசைப்படுத்தி வெளியிட்டார். சிப்பிக்குச் செய்ததையே மனிதர்களுக்கும் செய்தார்: மாதிரி, அளவு, பெயர், விவரணம். சிப்பி அதைப் படிக்கப் போவதில்லை. மனிதர்கள் படித்தார்கள், அதை மேற்கோள் காட்டி ஒருவரையொருவர் மேல் கீழ் என்று வாதாடினார்கள். இன்றைக்கும் சாதி வரலாறு எழுதுகிறவர்கள் கைநீட்டி எடுப்பது அந்தத் தொகுதிகளைத்தான்.

6

இங்கே மேடைக்காரர் எழுந்து தொல்காப்பியத்தைக் காட்டுவார். காட்டட்டும், மரபியலையே திறப்போம். வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்கிறது அது. அதன்படி தென்னையும் பனையும் மூங்கிலும் புல். இன்றைய ஒருவித்திலைத் தாவரப் பிரிவோடு இது பெருமளவு ஒத்துப்போகிறது என்று நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் மரபியலின் கேள்வி வேறு. எதை எந்தச் சொல்லால் சொல்வது மரபு என்பதுதான் அங்கே விஷயம். புல்லுக்கு ஓலை, மடல், தோடு. மரத்துக்கு இலை, தளிர், குழை. இன்றைக்கும் தென்னை இலை என்று யாரும் சொல்வதில்லை. நாட்டுப்புறத்து ஆள் அனிச்சையாகச் செய்யும் வகைப்பாடு இது, எந்தச் சங்கமும் ஓட்டெடுத்து நிறைவேற்றாதது. இதை லின்னேயசுக்கு முன்னோடி என்று சொல்வது இதற்குப் பெருமை சேர்ப்பதாகாது. அவர் அளவுகோலால் நம்மை அளந்துகொள்வதாகவே அது முடியும்.

அதே மரபியலில் இன்னொரு பகுதி இருக்கிறது. மேடையில் அதை வாசிக்க மாட்டார்கள். நூலும் கரகமும் அந்தணருக்குரியவை, படையும் கொடியும் அரசருக்குரியவை, வைசிகனுக்கு வாணிகம், வேளாண் மாந்தருக்கு உழவு என்று மனிதர்களையும் அது நான்காகப் பிரித்து உரிமை எழுதுகிறது. குட்டி, கன்று, பறழ், குருளை என்று இளமைப்பெயர் வகுக்கும் அதே இயலில். இந்தச் சூத்திரங்கள் பிற்கால இடைச்செருகல் என்று வாதிட்டவர்கள் உண்டு. இருக்கலாம். அப்படியானால் செருகியவர் இடம் பார்த்துத்தான் செருகியிருக்கிறார். உயிர்களை வகுக்கும் இடத்தில் மனிதனின் தகுதியையும் வகுத்துவிட்டால் அது இயற்கையைப் போலவே தோன்றும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு நாட்டிலும் நாலு பிரிவு. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதில்லை. வகைப்பாட்டின் சௌகரியத்தில் சாய்ந்துகொண்டு அதிகாரம் செய்யும் வேலை எங்கும் ஒரே மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

7

பெயர்களை மாற்ற முடியுமா என்பது இன்று அந்தத் துறைக்குள்ளேயே நடக்கும் சண்டை. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லான ‘காஃபிர்’ என்பதிலிருந்து வந்த ‘காஃப்ரா’ என்கிற அடைச்சொல் 200-க்கும் மேற்பட்ட தாவரப் பெயர்களில் ஒட்டியிருந்தது. 2024 ஜூலையில் மாட்ரிட் நகரில் கூடிய சர்வதேசத் தாவரவியல் மாநாடு அதை ‘அஃப்ரா’ என்று மாற்ற 351-க்கு 205 என்ற வாக்கில் முடிவு செய்தது. ஒரு எழுத்தை எடுத்ததும் வசை போய் ஆப்பிரிக்கா நின்றது. 2026 ஜனவரி 1 முதல் வெளியாகும் இழிவான பெயர்களை நிராகரிக்கவும் வழி செய்தார்கள். பழையவை அப்படியே இருக்கும். விலங்கியல் ஆணையத்தார் 2023-இல் அறம் சார்ந்த காரணங்களுக்காகப் பெயர் மாற்ற மாட்டோம் என்று எழுதினார்கள். ஸ்லோவேனியக் குகைகளில் வாழும் கண்ணில்லாத ஒரு வண்டுக்கு 1937-இல் வைத்த ஹிட்லர் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. பெயர் மாறினால் ஆய்வுத் தொடர்ச்சி அறுந்துபோகும் என்கிறார்கள். அந்தக் கவலை பொய்யல்ல. ஆனால் விஞ்ஞானக் காரணத்துக்காக பெர்கெரா முர்ராயாவாகவும் முர்ராயா பெர்கெராவாகவும் மாறும்போது தாங்குகிற தொடர்ச்சி, மனிதக் காரணத்துக்கு மட்டும் அறுந்துவிடும் என்பதை எப்படி ஏற்பது?

கறிவேப்பிலையின் பெயரை மாற்ற வேண்டும் என்று மனுப்போட இதை எழுதவில்லை. கோனிக்கின் பெயரை எடுத்துவிட்டு அங்கே ஒரு தமிழ் மன்னன் பெயரை வைப்பது நடந்தால், பட்டா கைமாறும், விஷயம் மாறாது. 19-ஆம் நூற்றாண்டில் புளூமே என்கிற தாவரவியலாளர் ஒரு பேரினத்துக்கு அச்சுதேமியா என்று இட்டி அச்சுதனின் பெயரை வைத்தார். பின்வந்தவர்களில் பலர் அதை வேறு பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள். மரியாதை என்கிற அளவில் கிடைப்பது இவ்வளவுதான்.

கேட்க வேண்டியது வேறு. இன்றைக்கும் மேற்குத்தொடர்ச்சி மலையில் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு வழிகாட்டுபவர் பெரும்பாலும் ஒரு காணிக்காரரோ இருளரோ பளியரோதான். செடியைக் காட்டுவது அவர். மாதிரித் தாளின் மூலையில் சேகரித்தவர் பெயர், எண், தேதி, கடல்மட்ட உயரம் எல்லாம் எழுதுகிறார்கள். காட்டிக்கொடுத்தவர் பெயர், அவர் சொன்ன பெயர், மோந்து பார்த்து அவர் சொன்ன சேதி ஆகியவற்றுக்கும் அந்தத் தாளில் இடம் ஒதுக்கக் கூடாதா? எந்த மாநாட்டின் ஓட்டும் இதற்கு வேண்டியதில்லை. 1675-இல் கொச்சியில் ஒரு வைத்தியரின் கையெழுத்தை வாங்கி அச்சில் போட்டிருக்கிறார்கள். அதைக்கூட நம் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகள் வழக்கமாக்கிக்கொள்ளவில்லை என்றால், குறையை உப்சாலாவின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது.